தவணைப் பணம் எங்கிருந்து வருகிறது?

பழைய மெட்ராஸ் ரோட்டில் கிழக்கே போனால் ஹொஸகோட்டே, நரசாபுரா, கோலார், முளபாகில் என்று ஊர்கள் வரும். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ரோடுதான் பிழைப்பு. மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்றில் ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்து, பிறகு கிளை மேலாளராகி, கோலார், மாலூர், பங்காருபேட்டை, சிட்லகட்டா பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்குக் குழுக்கடன் கொடுப்பதும் வசூலிப்பதுமாக என் வேலைக்காலம் கழிந்தது.

தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அடமானம் இல்லாம கொடுக்கறீங்களே, திருப்பிக் கட்டுவாங்களா?" கட்டுவார்கள். கட்டாமல் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்கிற அளவுக்குக் கட்டினார்கள். கம்பெனி அறிக்கையில் வசூல் 99 சதவீதம் என்று வந்த வருடங்கள் பல. அந்த எண்ணைப் பார்த்து நான் ஒருநாளும் நிம்மதியடைந்ததில்லை. தவணை கட்டப்பட்டதா என்பதை ரசீது புத்தகம் சொல்லிவிடும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. பால் விற்று வந்ததா, பக்கத்து வீட்டில் கைமாற்றாக வந்ததா, கம்மலை அடகு வைத்து வந்ததா, இன்னொரு கம்பெனிக் கடனிலிருந்து வந்ததா? இதற்கு விடை தெரியாதவன் அந்தக் குடும்பம் அடுத்த வருடம் கட்டுமா என்று சொல்லவே முடியாது.

இந்தப் பாடத்தின் முதல் பக்கம் எங்கள் தெருவிலேயே இருந்தது. மர்பி டவுனுக்குப் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. கன்டோன்மென்ட் காலத்தில் மர்பி என்ற பொறியாளர் உழைக்கும் ஜனங்களுக்காக வகுத்துக் கொடுத்த குடியிருப்பு. பட்டாளத்தோடும் பட்டாளத்து வேலைகளோடும் வந்து கன்டோன்மென்ட்டில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே நிறைய. அல்சூர் பக்கம் காய்கறி, பூ, மீன் விற்கிற பெண்களுக்குத் தண்டல்காரர்தான் பேங்க். கையில் 9,000 கொடுப்பார், தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் வாங்கிய பணம் முழுசாகக் கையில் இருப்பது முதல் நாள் மட்டும்தான், தினமும் கரைந்துகொண்டே போகிறது. கணக்குப் போட்டால் வருட வட்டி 75 சதவீதத்துக்கு மேல் வரும்.

அவ்வளவு வட்டிக்கும் அந்தப் பெண்கள் தவறாமல் கட்டினார்கள். அவர்களுக்கு தினம் கையில் காசு புரண்டது, தண்டல்காரரும் சாயங்காலம் வியாபாரம் முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்தார். அதே தெருவில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதம் பிறந்து முதல் வாரத்தில்தான் சம்பளம். அவர்கள் தண்டல் வாங்கினால் பத்தாவது நாளே திணறுவார்கள். இருவரும் ஒரே மாதிரி ஏழை, ஒரே மாதிரி நாணயஸ்தர்கள். காசு வருகிற நாள்தான் வேறு.

கிராமத்தில் இது இன்னும் சிக்கலானது. கோலார் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் மானாவாரியில் கேழ்வரகு, இரண்டு சீமைப்பசு, கணவன் கட்டட வேலைக்கு வைட்ஃபீல்டு பக்கம் போகிறார், மனைவி தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். காசு வருகிற வழி நாலு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம். எங்கள் தவணை அட்டையில் அச்சடித்த தொகைக்கோ பருவமே கிடையாது.

பாலை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்ததில் தவணைக்கு மிகவும் ஒத்துப்போகிற வருமானம் அதுதான். ஊர்ச் சங்கத்தில் காலையும் மாலையும் பால் ஊற்றினால் பட்டுவாடா குறிப்பிட்ட நாளில் வந்துவிடும். ஆனால் பசு வருடம் முழுக்கக் கறக்காது. கன்று போட்டுச் சுமார் பத்து மாதம் கறந்து, அடுத்த ஈற்றுக்கு முன்னால் இரண்டு மாதம் வற்றிவிடும். அந்த இரண்டு மாதத்தில் தீவனச் செலவு நிற்காது, தவணையும் நிற்காது. ஒரே பசு வைத்திருப்பவர், அல்லது இரண்டு பசுவும் ஒரே சமயத்தில் சினையாக இருப்பவர், அப்போது வெளியில் வாங்கித்தான் எங்களுக்குக் கட்டுவார். அதனால் கடன் மனு எழுதும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, மாடு எந்த மாசம் கன்னு போட்டது?" என்பதுதான். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வேன்.

மாநில அரசு பாலுக்கு லிட்டர் கணக்கில் ஊக்கத்தொகை தருகிறது. அது தனியாக, பல சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும். அந்தப் பணத்தையும் சேர்த்துக்கொண்டு மாத வருமானம் இவ்வளவு என்று எழுதுகிற ஆபீசர், இல்லாத காசுக்குக் கடன் கொடுக்கிறார்.

பட்டுப்பூச்சி வளர்ப்பு வேறு விதம். புழு விட்ட நாளிலிருந்து கூடு விற்கிற நாள்வரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும், மொத்தமாகக் காசு வரும். சிட்லகட்டா மார்க்கெட்டில் அன்றைய ஏலம் நன்றாகப் போனால் மூன்று தவணையை முன்கூட்டியே கட்ட வருவார்கள். பட்டு விலை விழுந்தால் சிட்லகட்டாவின் ஒரு தெரு முழுக்க விழும், ஏனென்றால் அந்தத் தெருவே நூல் உருட்டுகிற தெரு. 2011 மத்திய பட்ஜெட்டில் கச்சாப் பட்டு இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். சீனப் பட்டு மலிவாக வந்து, பட்டுக்கூட்டு விலை சரிந்தது. டெல்லியில் ஒரு வரி மாறுவதற்கும் சிட்லகட்டாவில் ஒரு பெண் சென்டர் மீட்டிங்குக்கு, அதாவது குழுக்கள் கூடித் தவணை கட்டுகிற கூட்டத்துக்கு, வராமல் போவதற்கும் இடையில் அதிக தூரமில்லை. குழுவில் ஐந்து பேரும் ஒரே தொழில் என்றால் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு என்று எடுத்த உறுதிமொழிக்கு அங்கே வேலையே இல்லை. ஐந்து பேருக்கும் ஒரே நாளில்தான் கஷ்டம் வருகிறது.

தக்காளி விலை நிலமில்லாத பெண்ணை எப்படிப் பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. கோலார் மண்டி ஆசியாவிலேயே பெரிய தக்காளி மண்டிகளில் ஒன்று. 2023 ஜூலையில் 15 கிலோ கிரேட் 2,000 ரூபாயைத் தாண்டியது, நாடே பேசியது. விலை அடிமட்டத்துக்குப் போகிற மாதங்களை யாரும் பேசுவதில்லை. அப்போது விவசாயி பறிப்புக் கூலிகூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார். பறிக்கப் போகிற பெண்ணுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அவள் தக்காளி போடவில்லை, தக்காளிக்குக் கடன் வாங்கவுமில்லை. எங்கள் பதிவேட்டில் அவள் கடனின் நோக்கம் 'தையல் மிஷின்' என்று இருக்கும். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு அவள் ஏன் கட்டவில்லை என்று யோசித்தால் காலத்துக்கும் புரியாது.

இவற்றுக்கு மேல் போர்வெல். கோலாரில் ஆயிரம் அடி தாண்டியும் போட்டார்கள், தண்ணீர் வராத குழிக்கும் ரிக் வண்டிக்காரருக்குக் காசு எண்ண வேண்டும். 2018இல் கே.சி. வேலி திட்டத்தில் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகளுக்கு வரத் தொடங்கும் முன், வறண்ட வருடங்களில் குடும்பத்தைக் கவிழ்த்த கடன்களில் போர்வெல் கடன் முக்கியமானது. எங்களிடம் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். 'சிறுதொழில்' என்று எழுதி வாங்கியிருப்பார்கள்.

ஆனாலும் தவணை தவறியதற்கு நான் கேட்ட காரணங்களில் அதிகம் திரும்பத் திரும்ப வந்தது விளைச்சலும் இல்லை, விலையும் இல்லை. ஆஸ்பத்திரி. மாமியாருக்கு விழுந்து இடுப்பு முறிவு, குழந்தைக்கு டெங்கு, வேலைக்குப் போன இடத்தில் கணவனுக்குச் சாரத்திலிருந்து விழுந்த அடி. இரண்டு செலவு ஒன்றாக வந்தாலே கட்டுக்கோப்பு கலைந்துவிடும். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூட ஃபீஸும் வரும், அப்போது காய்ச்சலும் வந்துவிட்டால் ஜூலைத் தவணை நிச்சயம் இழுக்கும். குடியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், உண்மைதான். ஆனால் குடிகாரக் கணவன் இருக்கிற வீடுகளில் மனைவி ஏற்கெனவே அதைக் கணக்கில் வைத்துத்தான் நடத்துகிறாள். கணக்கில் வராதது நோய்.

கட்ட முடியாத பெண் உடனே "இல்லை" என்று சொல்லிவிட மாட்டாள், அதற்கு முன்னால் பல மாதங்கள் இருக்கின்றன. ஃபீல்டில் இருக்கிறவன் அந்த மாதங்களைப் படிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். முதலில் நேரம் மாறும். எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிறவர் கடைசியில் வந்து நிற்பார். பிறகு மகன் கையில் பணம் கொடுத்தனுப்புவார். பிறகு பணத்தின் வடிவம் மாறும், ஐநூறு தாளாகக் கட்டியவர் பத்தும் இருபதுமாகச் சுருட்டிக் கொண்டுவருவார், நாலு வீட்டில் கேட்டு வாங்கிய காசு. அதற்குப் பிறகு காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருக்கும். இத்தனையும் நடக்கும்போது எங்கள் கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணுக்கு நேரே 'பாக்கி இல்லை' என்றே இருக்கும்.

ஒருமுறை பங்காருபேட்டை பக்கம் ஒரு சென்டரில் வேப்பங்குச்சியைப் பார்த்துவிட்டு மீட்டிங் முடிந்ததும் கேட்டேன்.

"அக்கா, கம்மல் எங்க?"

"அடகுல இருக்கு சார். போன மாசம் உங்களுக்குக் கட்டினேனே, அது அதுதான்."

"இந்த மாசம்?"

"அந்த இன்னொரு சங்கத்துல லோன் வருது சார். அதுல கட்டிடுவேன். உங்களுக்கு நான் எப்பவாவது நிறுத்தியிருக்கேனா?"

நிறுத்தவில்லைதான். பெங்களூர், கோலார் பக்கத்துத் தமிழர்கள் குழுக்கடனைச் 'சங்கம்' என்றே சொல்வார்கள். அவருக்கு அப்போது நாலு சங்கம். கணக்கைப் பாருங்கள்: 50,000 ரூபாயை 24 சதவீத வட்டியில் இரண்டு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 2,650க்குக் கொஞ்சம் குறைவாக வரும். நாலு சங்கம் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து நல்ல மாதத்தில் இருபதாயிரம் கொண்டுவருகிற வீடு அது. நாலு கம்பெனியின் அறிக்கையிலும் அவர் நல்ல வாடிக்கையாளர்.

2009 தொடக்கத்தில் கோலாரில் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே முஸ்லிம் சமூக அமைப்பான உள்ளூர் அஞ்சுமன் கமிட்டி, மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு முஸ்லிம் பெண்கள் தவணை கட்டக் கூடாது என்று அறிவித்தது. சிட்லகட்டா, ராமநகரம், மைசூர் பக்கமும் வசூல் நின்றது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் மதக் கட்டளை என்று மட்டும் எழுதினார்கள். அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒரே பெண்ணுக்குப் பல கம்பெனிகள் போட்டி போட்டுக் கொடுத்திருந்தன, பட்டு உருட்டுகிற தொழிலும் சுகமில்லாமல் இருந்தது. வெளி ஆண்கள் வாரா வாரம் வந்து பெண்களைக் கூட்டி உட்கார வைப்பதில் வீட்டாருக்கு மனத்தாங்கலும் இருந்தது. முஸ்லிம் பெண்களே நிறைந்த சென்டர்களில் தவணை ஏறக்குறைய அடியோடு நின்றது, மற்றவர்களோடு கலந்திருந்த சென்டர்களில் அந்த அளவு நிற்கவில்லை. சுற்றியிருப்பவர்கள் கட்டுகிறார்களா என்பதைப் பார்த்துத்தான் ஒரு பெண் தன் முடிவை எடுக்கிறாள். நாமெல்லோரும் அப்படித்தான்.

அடுத்த வருடமே, 2010 அக்டோபரில், ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அங்கே வசூல் தரைமட்டமானது. இந்தத் துறையை ஆராய ரிசர்வ் பேங்க் அமைத்த மாலேகம் கமிட்டி 2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. ஒரு பெண்ணுக்கு இரண்டு கம்பெனிக்கு மேல் கடன் கூடாது, மொத்தம் 50,000க்கு மேல் கூடாது என்றெல்லாம் ரிசர்வ் பேங்க் விதி போட்டது. அந்த விதிகளை நான் மனதார வரவேற்றேன். சென்டருக்குப் போனால் 'இங்கே இரண்டு கம்பெனிதான்' என்று தெரியும், பேசுவதற்கும் இடம் இருந்தது. 2022இல் அந்த வரம்புகளை எடுத்துவிட்டு, குடும்ப வருமானம் வருடம் 3,00,000 வரை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று மாற்றினார்கள். வட்டி உச்சவரம்பும் போயிற்று. பாதி என்ற கணக்கு காகிதத்தில் சரி. மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். மாடு வற்றிய மாதத்திலும், தக்காளி செடியிலேயே அழுகுகிற மாதத்திலும் எதில் பாதி?

குழுப் பொறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் 'போட்டுக் கட்டுவார்கள்'. முதல் முறை யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். இரண்டாவது முறை கணக்கு கேட்பார்கள். மூன்றாவது முறை அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள், குழாயடியில் பேச்சு வரும், அதோடு அந்தக் குழுவில் பத்து வருடப் பழக்கம் முறியும். வங்கதேசத்தில் கிராமீன் பேங்க் 2000க்குப் பிறகு தன் முறையைத் திருத்தியபோது குழுவின் கூட்டுப் பொறுப்பைக் கைவிட்டது. பிலிப்பைன்ஸில் ஒரு பேங்க் கூட்டுப் பொறுப்பை எடுத்துப் பார்த்தபோது வசூல் குறையவில்லை என்று ஜினே, கார்லன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் காட்டினார்கள். எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. கூட்டம் கூடுவதால் நன்மை உண்டு, ஒருவர் கஷ்டம் இன்னொருவருக்குச் சீக்கிரம் தெரிகிறது. அபராதத்தைப் பக்கத்து வீட்டுக்காரி தலையில் கட்டுவதால் வருகிற நன்மையை நான் பார்க்கவில்லை.

முதல் தவணை எப்போது என்பதும் பெரிய விஷயம். நாங்கள் வாரத் தவணை வைத்த காலத்தில் பணம் கொடுத்த அடுத்த வாரமே முதல் தவணை. கடன் வாங்கிய பெண் அதே பணத்திலிருந்து நாலைந்து தவணைக்கான தொகையைப் பிரித்துத் தனியாக முடிந்து வைத்துவிட்டு மீதியைத்தான் தொழிலில் போடுவாள். கொல்கத்தாவில் ஃபீல்டு, பாண்டே முதலிய ஆய்வாளர்கள் இரண்டு மாதம் கழித்து முதல் தவணை என்று சிலருக்கு அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் தொழில் முதலீடும் லாபமும் கூடின, கூடவே கட்டாமல் போனவர்களும் கூடினார்கள். ஆக, சீக்கிரம் ஆரம்பிக்கிற தவணை கம்பெனியின் வசூலைக் காக்கிறது, கடன் வாங்கியவரின் தொழிலைச் சிறிதாகவே வைத்திருக்கிறது. யார் நலனுக்காக இந்த ஏற்பாடு என்று கம்பெனிகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

வசூலுக்குப் போகிற பையன்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இருபத்திரண்டு வயது, பைக், கிராமத்திலிருந்து கிராமம். கிளை டார்கெட், ஊக்கத்தொகை எல்லாம் அவன் வசூலை வைத்துத்தான். ஒரு சென்டரில் பெண்களின் பெயரும் பிள்ளைகள் படிக்கும் வகுப்பும் அவனுக்குத் தெரிய வருகிற நேரத்தில் மாற்றல் வந்துவிடும், அல்லது வேலையை விட்டுவிடுவான். புதிதாக வந்தவனுக்கு அட்டையில் இருக்கிற எண் மட்டும்தான் தெரியும். எண் மட்டும் தெரிந்தவன்தான் குரலை உயர்த்துவான். 2025 ஜனவரியில் கர்நாடகம் முழுக்கத் தற்கொலைச் செய்திகள் வந்தன, ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போன குடும்பங்கள் பற்றிய செய்திகள் வந்தன. பிப்ரவரியில் மாநில அரசு வற்புறுத்தி வசூலிப்பதற்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது, 10 வருடம் வரை சிறை என்று. தமிழ்நாட்டிலும் அதே வருடம் அப்படியொரு சட்டம் வந்தது. மிரட்டுகிறவனுக்குத் தண்டனை வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் மிரட்டல் நடக்கிற நாள் கடைசி நாள். நாலாவது கடனைக் கொடுத்தவன் அதற்கு ஒன்றரை வருடம் முன்பே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்த நாளைப் பிடிக்கிற சட்டம்தான் எனக்கு வேண்டும்.

கிரெடிட் பீரோ இருக்கிறதே என்பார்கள். உண்மையில் அது வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். எத்தனை சங்கக் கடன் என்று ஒரு நிமிடத்தில் தெரிகிறது. ஊர் அடகுக் கடையும், சீட்டும், மீட்டர் வட்டியும் அதில் தெரியாது. தன் பெயரில் வாங்கிப் பணத்தை நாத்தனாரிடமோ குழு லீடரிடமோ கொடுத்துவிட்ட பெண்ணும் அதில் தெரிய மாட்டாள். 'பேருக்கு நான், பணம் அவங்களுக்கு' என்கிற கடன்கள்தான் என் கிளையில் முதலில் நின்றன, ஏனென்றால் கட்ட வேண்டியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர்.

இப்போது பல இடங்களில் தவணை ஃபோனிலேயே போய்விடுகிறது. பெண்களுக்குக் கூலி நாள் மிச்சம், பையன்களுக்குப் பணப்பையைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிற பயம் இல்லை, நல்லதுதான். ஆனால் சென்டர் மீட்டிங் பல ஊர்களில் பெயரளவுக்கு ஆகிவிட்டது. சுருட்டிய பத்து ரூபாய்த் தாளும் வேப்பங்குச்சியும் திரையில் தெரியாது. சமீபத்தில் என்னிடம் வேலை கற்ற பையன் சீனிவாசபுராவிலிருந்து கூப்பிட்டு, தன் கிளையில் ஆறு மாதமாக ஒரு ரூபாய் பாக்கி இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னான். வாழ்த்திவிட்டு, கறவை நின்ற வீடுகளுக்கு மட்டும் இந்த வாரம் நேரில் போய், வசூல் புத்தகத்தை எடுக்காமல், ஒரு காபி குடித்துவிட்டு வரச் சொன்னேன். ஏழு வீட்டில் நாலு வீட்டுக்காரர்கள் புதிதாக நகை அடகு வைத்திருந்தார்கள். அந்த நாலு பேருக்கும் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டிக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறான். பாக்கியே இல்லாதவர்களுக்கு ஏன் சலுகை என்று அங்கிருந்து கேள்வி வந்திருக்கிறது. அதற்கு என்ன பதில் எழுதலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம்.